மங்கிய மஞ்சள்

மஞ்சளில் நஞ்சு கலப்பவன் குற்றவாளி. பளபளப்பான மஞ்சளே வேண்டுமென்று கேட்பவருக்கு அதில் பங்கில்லையா?

வங்காள தேசத்தில் 1980-களில் வெள்ளத்தால் நிறம் மங்கிய மஞ்சளுக்கு, ஈயம் கலந்த மஞ்சள் வர்ணப்பொடியைச் சிலர் பூசினர். வழக்கம் நிலைத்தது. ஈயமோ குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது. 2019-ல் சோதித்த சந்தை மஞ்சளில் நூற்றுக்கு 47 மாதிரிகளில் ஈயம் இருந்தது. அரசு கருவிகொண்டு சோதித்தது. வியாபாரிகளுக்கு அபராதம் விதித்தது. மக்களுக்கு எச்சரிக்கை செய்தது. 2021-ல் சோதித்த ஒன்றிலும் ஈயமில்லை.

அறியாமல் கேட்டோம் என்பீர்கள். அறியாமை பொறுக்கத்தக்கது, அறிய வழியிருந்தும் முயலாமை குற்றமே. ஆகவே உணவைச் சோதிப்பது அயலான் பிள்ளைக்குச் செய்யும் நீதி. மங்கிய மஞ்சளை முகஞ்சுளிக்காமல் வாங்குவதும் அந்நீதியில் சேர்ந்ததே.