அடுத்த ஊரில் சொல்ல முடியுமா?

தேர்தல் மேடையில் ஒரு சாதியின் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்கலாமா? கூடாது என்கிறது 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். வேட்பாளரின் சாதி மதம் மட்டுமல்ல, வாக்காளருடையதைக் காட்டிக் கேட்டாலும் தேர்தல் முறைகேடே என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழு நீதிபதிகளில் மூவர் அதை ஏற்கவில்லை. சாதியால் பட்ட துன்பத்தைத் தேர்தலில் பேசக்கூடாதென்றால் அது வாயைக் கட்டுவதாகும் என்பது அவர்கள் கவலை.

அந்த மூவரின் பக்கமே நியாயம் அதிகம். 1987-இல் வன்னியர்கள் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியலில் இறங்கி உயிர்களையும் பறிகொடுத்தார்கள். 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத இடஒதுக்கீடு வந்தது. சாதிப் பெயரை உச்சரிக்காமல் அந்தக் குறையைச் சொல்லியிருக்க வழியில்லை.

ஆக, பெயரைச் சொல்வதில் பிழையில்லை. சொல்பவர் அதை எங்கே, எப்போது சொல்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

2021 பிப்ரவரி 26 அன்று அந்த 20-க்குள் வன்னியருக்கு 10.5 சதவீதம் ஒதுக்கும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் அதே நாளில்தான். மிச்சம் 7, 2.5 என்று மற்றவர்களுக்குப் பிரிந்தது. வடக்கே அது சாதனையாகப் பேசப்பட்டது. தெற்கே எதிர்ப்பு கிளம்பியதும், ஆளுங்கட்சித் தரப்பிலேயே அது தற்காலிக ஏற்பாடு என்ற பேச்சு வந்தது. ஒரே சட்டம், ஊருக்கு ஒரு பேச்சு. வடக்கில் சொன்னதைத் தெற்கிலும் நின்று சொல்ல முடிந்தால் அது கொள்கை. முடியாவிட்டால் வெறும் வலைவீச்சு.

இதில் வாக்காளரின் மனத்துக்கு நேர்வதுதான் பெரிய கேடு. நெல்லுக்கு விலை, பிள்ளைக்குக் கல்லூரி, அடகில் கிடக்கும் நகை என்று நேற்றுவரை பத்துக் கவலைகளோடு இருந்தவர், பிரச்சாரம் முடிவதற்குள் ஒரே ஒரு அடையாளமாகச் சுருங்கிவிடுகிறார். ஒரே பட்டியலில் இருந்த பக்கத்து வீட்டுக்காரர், பங்கைப் பறிக்க வந்தவராகத் தெரிகிறார். அவரவர் கோபம் நிஜம்தான். அதைக் கிளறிவிட்டவருக்கு அதில் நட்டமில்லை. (வாக்காளர் முழு ஏமாளியுமல்ல: அந்தத் தேர்தலில் 23 தொகுதிகளில் நின்ற, வன்னியர்களை அடித்தளமாகக் கொண்ட பாமக 5-இல்தான் வென்றது.)

அண்மைய தரவு கையில் இல்லாமல் ஒரு சாதியைத் தனியே பிரித்ததற்குப் போதிய அடிப்படை இல்லை என்று 2022 மார்ச் 31-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போது வாக்குகளை எண்ணி முடித்து ஏறத்தாழ 11 மாதங்கள் ஆகியிருந்தன.