கேட்காமல் கொடுத்த உயிர்

குலசேகரன்பட்டினத்து உப்பளத்தில் 1942 செப்டம்பரில் உப்பிலாகா அதிகாரி லோன் கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத் தண்டனை; பிறகு அது குறைந்து, இருவரும் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

அந்தப் பாக்கியம் பொன்னம்மாளுக்கு இல்லை. அதே சீமையில் 31 வருஷம் முன்னால், 1911 ஜூன் 17-ல், அவள் கணவர் வாஞ்சிநாதன் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்டார். இளம் தம்பதிகள். அவர் கொடுத்தது தம் உயிரை என்கிறோம். அதில் பாதி அவளுடையதல்லவா? சொன்னால் அழுவாள், அழுதால் மனம் கரையும். இப்படிப் புறப்படுகிறவர்கள் வீட்டில் வாய் திறக்காதது அதனால்தான். அன்பில்லாமல் அல்ல, அன்புக்குப் பயந்து. ஆனாலும் அதுவும் ஒரு வஞ்சனைதானே!

ரயில் நிலையத்துக்கு 'வாஞ்சி மணியாச்சி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைக்கட்டும். அவர் வீரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.