கேட்டலும் கேள்வியும்

தமிழிலே ‘கேள்’ என்னும் வினையடி செவிமடுத்தலையும் குறிக்கும், வினாவுதலையும் குறிக்கும். திருக்குறளின் 42ஆம் அதிகாரமாகிய ‘கேள்வி’ செவிவழிப் பெறும் அறிவைப் பற்றியது. இன்றைய ஆரம்ப வகுப்பிலோ கேள்வி என்றால் ஆசிரியர் தொடுக்கும் வினா என்பதே பொருள். அதற்குரிய விடை அவருக்கு முன்னரே தெரியும். “கிளியின் நிறம் என்ன?” என்று வினாவப்பட்ட பிள்ளை “பச்சை” என்கின்றது. அத்தோடு உரையாடல் முடிந்துவிடுகின்றது. எவரும் எவரிடமிருந்தும் எதனையும் அறிந்துகொள்ளவில்லை. இதனைப் பேச்சுப் பயிற்சி என்பதிலும் வாய்மொழிப் பரீட்சை என்பதே பொருந்தும்.

பிள்ளையைப் பேசவிடுதல் ஆசிரியரின் பெருந்தன்மையா, அன்றி அவர் செலுத்த வேண்டிய கடனா? கடன் என்பதே என் கருத்து. தம்மைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துரைக்கும் உரிமையை 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயம் பிள்ளைகளுக்கு வழங்கியது. இலங்கை 1991இல் அதனை ஏற்று உறுதிப்படுத்தியது. ஆயினும் சட்டத்தைவிட நெருக்கமான சான்று நம்மிடமே உண்டு. மாணாக்கன் பாடங்கேட்கும் முறையை விரித்துரைக்கும் நன்னூல், கொள்பவனின் திறமறிந்து கற்பிக்கும் பொறுப்பை ஆசிரியன்மீது சுமத்துகின்றது. செவிகொடாமல் ஒருவனது திறத்தை அறிவது எங்ஙனம்?

செவிகொடுப்பதாக எண்ணிக்கொண்டே செவிகொடாதிருத்தலும் உண்டு. யாழ்ப்பாணத்துப் பிள்ளையொன்று, “நேற்று பெரியம்மா வீட்டை போனனான்” என்று தொடங்குகின்றது. “வீட்டுக்குச் சென்றேன் என்று சொல்” என ஆசிரியர் இடைமறிக்கின்றார். பிள்ளை அவ்வாறே சொல்லிவிட்டு அமர்கின்றது. பெரியம்மா வீட்டில் நடந்தது என்ன என்பது எவருக்கும் தெரியாமற் போகின்றது. செந்தமிழைக் கற்பிக்க வேண்டாம் என்பது என் வாதமன்று. எழுத்துக்கு அது இன்றியமையாதது. வேறு மாவட்டத்தாரோடு உரையாடவும் உதவுவது. ஆனால் அதற்குரிய வேளை வேறு. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் எழுதிய ‘நானாடகம்’ 1940இல் நூலுருப் பெற்றது. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் நாடகத்திற்குத் தகுதியெனக் கண்ட மொழி, ஏழு வயதுப் பிள்ளையின் வாயில் மட்டும் பிழையாகிவிடுமா?

1999இல் நாடெங்கும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் மேசை வேலையோடு விளையாட்டையும் செயற்பாட்டையும் கற்றல் முறைகளாக வகுத்தது. எனினும் ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் இரு வினாத்தாள்களும் எழுத்திலேயே அமைந்தவை. நாவன்மைக்கு அங்கு புள்ளியில்லை. பெற்றோரை இதன்பொருட்டு நோவதில் நியாயமில்லை. வறிய வீட்டுப் பிள்ளைக்கு அப்பரீட்சை ஓர் ஏணி.

நேரமில்லை என்னும் தடையே வலியது. 40 பேர் கொண்ட வகுப்பில் 40 நிமிடப் பாடவேளையை எவ்வளவு நீதியாகப் பங்கிட்டாலும் ஆளுக்கு ஒரு நிமிடமே கிடைக்கும். ஆனால் கேட்பவர் எப்போதும் ஆசிரியராகவே இருக்க வேண்டுமென்பதில்லை. பிள்ளைகளை இருவர் இருவராக அமர்த்தலாம். மழையில் பாடசாலைக்கு வந்த விதத்தை ஒருத்தி சொல்ல, மற்றவள் அதனைத் திருப்பிச் சொல்லட்டும். சரியாகச் சொன்னாளா என்பதை முதலில் பேசியவளே தீர்மானிக்கட்டும். இங்கு விடை ஆசிரியரிடம் இல்லை; அவளிடமே இருக்கின்றது. வகுப்பில் வாய்திறவாத பிள்ளையும் தன் கதை திரிவதைக் கேட்டால், “இல்லை, நான் அப்பிடிச் சொல்லேல்லை” என்று மறுக்கும். அவ்வேளையில் ‘சொல்லேல்லை’ என்பதைத் திருத்த முற்படும் ஆசிரியரை மன்னிப்பது எனக்குக் கடினம்.