பூமியைக் குத்துவது பாவமா?

சரளையும் கல்லும் இறுகிக் கிடக்கும் நிலத்தில் மண்வெட்டி செல்லாது. இலை மடங்கும், காம்பு கழன்றுவிடும். அங்கே கடப்பாரைதான் வேண்டும். ஆள் உயரத்துக்குச் சற்றே குறைந்த அந்த எஃகுக் கம்பியைச் செங்குத்தாகத் தூக்கி, அதன் கனத்தாலேயே விழவிட வேண்டும். புதிதாகப் பிடிப்பவர் இறுக்கிப் பிடித்துத் தோள்பலத்தால் குத்துவார். முனை கல்லில் பட்டதும் அதிர்ச்சி முழுவதும் முழங்கைக்கு ஏறும். பழகியவர் முனை தரையைத் தொடும் நொடியில் பிடியைச் சற்றுத் தளர்த்துவார். பிறகு ஓசையைக் கேட்பார். ‘ணங்’ என்றால் பெரிய கல், ‘சொத்’ என்றால் மண். கல்லின் நடுமுதுகில் அடித்துப் பயனில்லை. அது மண்ணோடு சேரும் ஓரத்தைத் தேடிப் பிடித்து, முனையை நுழைத்து, அடியில் சிறு கல்லை முட்டுக் கொடுத்து நெம்ப வேண்டும். முந்தின நாள் மாலை குழியில் நீர் ஊற்றி வைத்தால் மண் கொஞ்சம் இளகிக் கொடுக்கும்.

இந்த வேலையை வெறும் உடலுழைப்பு என்று இந்தியச் சமயங்கள் தள்ளிவிடவில்லை. பூமியைத் தோண்டுவது குற்றமா, குற்றமென்றால் அது யாரைச் சேரும் என்று அவை ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக யோசித்திருக்கின்றன.

பௌத்தத் துறவிகளுக்கான வினய விதிகளில் பாசித்தியம் என்றொரு பிரிவு உண்டு. அதன் பத்தாம் விதி, பிக்கு மண்ணைத் தோண்டக் கூடாது, பிறரைத் தோண்டவைக்கவும் கூடாது என்கிறது. ஆளவி என்ற ஊரில் பிக்குகள் கட்டட வேலைக்காக மண் தோண்டியபோது, ‘ஓரறிவு உயிரை வதைக்கிறார்களே’ என்று மக்கள் கடிந்தார்கள். அதனால் இந்த விதி பிறந்தது என்று வினயம் காரணமும் சொல்கிறது. (தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும்தான் ஓரறிவு உயிராக எண்ணுகிறது. ஆளவி மக்கள் மண்ணையே அப்படி எண்ணினார்கள்.)

அடுத்து வரும் விளக்கம் இன்னும் வியப்பானது. எது மண் என்று வினயம் பிரித்துக் காட்டுகிறது. கல்லும் சரளையும் குறைவாக இருந்தால் அது உயிருள்ள மண், தோண்டக் கூடாது. கல்லும் சரளையும் ஓட்டுச்சில்லும் மிகுந்து மண் குறைவாக இருந்தால் அது விதிக்குள் வராது. குவித்துவைத்த மண்ணுக்கும் கணக்கு உண்டு: அதன்மேல் நான்கு மாதத்துக்கு மேல் மழை பெய்திருந்தால் அது உயிர்பெற்ற மண்ணாகிவிடும். நுண்ணோக்கி இல்லாத காலத்தில் எழுந்த பகுப்பு இது. ஈரமான மேல்மண்ணில் நுண்ணுயிர்கள் செழித்திருப்பதும், சரளையும் பாறையுமான அடிநிலத்தில் அவை அருகிப்போவதும் இன்று நமக்குத் தெரியும். கடப்பாரைக்காரர் குத்தும் நிலத்தை அந்தப் பழைய விதி விட்டுவைத்தது மூடநம்பிக்கையால் அல்ல. கூர்ந்து பார்த்த கண்களால்.

சமணம் இதைவிடக் கடுமையானது. நிலத்தையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்பது அதன் கொள்கை. இல்லறத்தார் தவிர்க்க வேண்டிய பதினைந்து தொழில்களின் பட்டியலில் நிலத்தைப் பிளக்கும் தொழிலும் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த ஹேமசந்திரர் தம் யோகசாஸ்திரத்தில் குளம், கிணறு தோண்டுவதையும் கல் உடைப்பதையும் அதற்குள் சேர்க்கிறார்.

ஆனால் அந்தப் பட்டியல் வரும் பழைய நூலான உவாசகதசாவோவில், மகாவீரரின் இல்லறச் சீடரான ஆனந்தர் ஒரு விரதம் ஏற்கிறார்: ஐந்நூறு ஏர் உழும் நிலத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை என்று. ஐந்நூறு ஏர்! அத்தனை ஏருக்குப் பின்னாலும் ஆனந்தரா நடந்திருப்பார்? உழுதவர்கள் வேறு. சமணச் சிந்தனையாளர்கள் இந்தச் சிக்கலை அறியாதவர்கள் அல்லர். வேண்டுமென்றே செய்யும் கொலையையும், வாழ்க்கைத் தொழிலில் தவிர்க்க முடியாமல் நேரும் கொலையையும் பிற்காலத்தில் அவர்கள் தனித்தனியாக வகுத்தார்கள். நேர்மையான வகுப்புதான். ஆயினும் துறவியின் கைக்கு விலக்கான வேலை இன்னொருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அது மாற்றவில்லை.

மதுரைக்கு அருகே மாங்குளம் மலைக் குகையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அங்கே துறவிகளுக்காகப் பாறையில் படுக்கைகள் வெட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தமிழிக் கல்வெட்டுகள், கணி நந்தன் என்ற துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்தவர்களைக் குறிக்கின்றன. நிலத்தின் உயிருக்கு அஞ்சியவர் உறங்கிய படுக்கையை யாரோ உளி பிடித்துச் செதுக்கினார்கள். வினயமும் இதே இடத்தில் நெளிகிறது. பிக்கு ‘தோண்டு’ என்று ஏவக் கூடாது. ஆனால் தமக்கு இன்னது தேவை என்று இல்லறத்தாரிடம் குறிப்பாகச் சொன்னால் குற்றமில்லை.

வைதிக மரபின் நிலையும் இதற்கு மேல் தெளிவானதல்ல. கிணறும் குளமும் வெட்டுவிப்பது பூர்த்தம் என்னும் பெரும்புண்ணியம். அதே மரபில் மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம், இரும்பு முனை பூமியையும் அதிலுள்ள உயிர்களையும் காயப்படுத்துவதால் உழவைச் சான்றோர் பழிப்பதாகச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே குழி வெட்டுவித்தவருக்குப் புண்ணியம், வெட்டியவருக்குப் பழி. திருவெள்ளறையில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் வெட்டப்பட்ட மாற்பிடுகு பெருங்கிணறு ஸ்வஸ்திக வடிவில் இன்றும் இருக்கிறது. அதை அமைத்த கம்பன் அரையனின் பெயரைக் கல்வெட்டு சொல்கிறது. இப்படி வெட்டுவித்தவர் பெயரைச் சொல்லும் கல்வெட்டுகள் ஏராளம். குழிக்குள் இறங்கியவர் பெயரைச் சொல்பவை அரிது. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு அடியில் கடினப்பாறை கிடக்கிறது. இங்கே கிணற்றுநீர் என்றாலே பெரும்பாலும் பாறையை உடைத்துப் பெற்ற நீர்தான். அந்த நீரைக் குடித்தவர்கள், உடைத்தவர்களைத் தாழ்ந்த சாதி என்று ஒதுக்கியதற்கு எந்தத் தத்துவமும் நியாயம் சொல்ல முடியாது.

தோண்டும் வேலையை எதிர்கொள்ள வேறு இரண்டு வழிகளும் நம் மரபிலேயே இருந்தன. அதர்வ வேதத்தின் பூமி சூக்தம் அவற்றில் ஒன்று. அதில் பேசுபவர் தோண்டுகிறவர். தாம் தோண்டிய இடம் விரைவில் மீண்டும் முளைத்து மூடட்டும் என்றும், பூமியின் உயிர்நிலையில் தம் குத்து படாதிருக்கட்டும் என்றும் அவர் வேண்டுகிறார். தோண்டுவதை அவர் மறுக்கவில்லை, மறைக்கவில்லை, இன்னொருவர் தலையில் கட்டவுமில்லை.

மற்றொன்று தேவாரம் பாடிய அப்பரின் வழி. சேக்கிழாரின் பெரியபுராணத்தின்படி அவர் தருமசேனர் என்ற பெயரோடு சமணத் தலைவராக இருந்தவர். சைவத்துக்குத் திரும்பிய பின் அவர் கையில் ஏறியது உழவாரம், புல் செதுக்கும் இரும்புக் கருவி. நிலத்தில் இரும்பு படுவதற்கே அஞ்சிய நெறியிலிருந்து வந்தவர், நிலத்தில் படும் இரும்பையே தம் அடையாளமாக ஏந்தியதைத் தற்செயல் என்று கடந்துபோக மனம் வரவில்லை. திருப்புகலூரில் அவர் உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் மணியும் பருக்கைக் கற்களோடு மின்னின என்றும், அவற்றையும் கல்லோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார் என்றும் சேக்கிழார் பாடுகிறார். அற்புதத்தை விட்டுவிட்டாலும் ஒன்று மிஞ்சுகிறது: பெரும்புலவர் ஒருவர் குனிந்து தம் கையாலேயே நிலத்தைச் செதுக்கினார். படிமங்களில் இன்றும் அவரை அந்தக் கருவியால்தான் அடையாளம் காண்கிறோம்.

அவர் பெயரால் உழவாரப்பணிக் குழுக்கள் பாழடைந்த கோயில்களில் இன்றும் இறங்கி வேலை செய்கின்றன. பிரகாரத்தில் வேர்விட்ட முள்மரத்தைக் கடப்பாரையால் நெம்பி எடுப்பவருக்கு அங்கே அது தொண்டு. சுற்றி நிற்பவர்கள் மோர் கொடுத்து, ஐயா என்று அழைக்கிறார்கள். மதிலுக்கு வெளியே சாலையோரத்தில் குழாய் பதிக்க அதே கடப்பாரையைப் பிடித்தவர் கூலியாள். அவருடைய குழியிலும் அதே கல்தான், உள்ளங்கையிலும் அதே கொப்புளம்தான். அந்தக் குழாயில் வரும் தண்ணீர் கோயில் மடைப்பள்ளிக்கும் போகிறது.