பொழுதுபோக்கும் காத்திருப்பும்

1997 ஆம் ஆண்டு நொக்கியா 6110 கையடக்கத் தொலைபேசியுடன் வந்த 'பாம்பு' விளையாட்டு, ஆடுவோரிடம் மேலதிகமாக எதனையும் வேண்டி நின்றதில்லை. பாம்பு தன் உடலிலேயே மோதி மடியும். அதற்குள் பேருந்தும் வந்துவிடும். 2012 இல் வெளிவந்த 'கான்டி கிறஷ் சாகா' வேறொரு நியதியை வகுத்தது. 5 உயிர்களும் தீர்ந்தபின் ஓர் உயிர் மீள 30 நிமிடம் காத்திருத்தல் வேண்டும்; அன்றேல் நண்பரிடம் இரக்கலாம், பணமும் செலுத்தலாம். காத்திருப்பின் சலிப்பைப் போக்க நாடிய விளையாட்டே காத்திருப்பை உண்டாக்கி, அதனின்றும் விடுதலையை விற்கின்றது.

பொழுதை வீணாக்குதல் குற்றமா என்பதே வழக்கமாக எழுப்பப்படும் வினா. களைத்தவனுக்கு அதுவும் வேண்டியதே. ஈண்டு ஆராயற்பாலது, ஒருவனது பொறுமையின்மைக்கு விலை குறித்தல் வாணிபமா, சுரண்டலா என்பதாம். விரும்பியே கொடுக்கின்றான் என்பர் சிலர். ஆயின், அவ்விருப்பத்தைத் தோற்றுவித்த 30 நிமிடங்களும் விற்பவர் வகுத்தவையே.