விருந்தாளிக்கு விரித்த பாய்



கோடை விடுமுறை வந்துவிட்டது. பட்டணத்திலிருந்து உற்றார் உறவினர் பிள்ளைகுட்டிகளோடு நம் ஆரணிக்கு வரும் காலம் இது. கோழி அடிப்பதும், பலகாரம் சுடுவதும், தறியில் ஓடும் பட்டைக் காட்டி மகிழ்வதுமாக உங்கள் வீடுகள் கலகலக்கும். நல்லதுதான். ஆனால் விருந்துபசாரம் இலையோடு முடிந்துவிடுவதில்லை. இதை நான் கண்ணீரோடு கற்றுக்கொண்டேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அக்காள் தன் மகனோடு சென்னையிலிருந்து வந்திருந்தாள். புழுக்கம் தாங்காமல் பையன், "மாமா, நான் திண்ணையிலே படுக்கிறேன்" என்றான். நானே பாய் விரித்துக் கொடுத்தேன். கொசுவலை பெட்டியில் இருந்தது, எடுக்கச் சோம்பல். காவல் சம்மனசை நோக்கி இருவருமாகச் செபித்துவிட்டுப் படுத்தோம்.

விடியற்காலையில் வயிறு வலிக்கிறதென்று எழுந்தான். இரவு உண்ட கறிச்சோறு என்று எண்ணி, ஓமத் தண்ணீர் கொடுத்துவிட்டு நான் பூசைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவன் கண்ணிமைகள் தாமாகச் சரிந்தன, நாக்குக் குழறியது. பூசைக்கு வந்திருந்த நெசவாளப் பெரியவர் ஒருவர் பார்த்தவுடன், "சாமி, இது வயிற்று வலி இல்லை. கட்டுவிரியன் தீண்டியிருக்கிறது. வண்டிக்குச் சொல்லுங்க" என்றார்.

அரசு ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். மூச்சுத் திணறவே வேலூருக்குக் கொண்டுபோய்ச் செயற்கைச் சுவாசம் கொடுத்தார்கள். நான்காம் நாள் குழாயை எடுத்தபின், "மாமா" என்று அழைத்தான். அந்த ஒரு சொல்லுக்காக நான் இன்றும் சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லுகிறேன்.

அந்நாட்களில் இரண்டு பேச்சு என் காதில் விழுந்தது. "சாமியார் வீட்டிலேயே பாம்பு தீண்டிற்றே, என்ன பாவமோ!" என்றார்கள் முதலில். பையன் பிழைத்தவுடன், "சாமியார் செய்த புதுமை!" என்றார்கள்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு அர்ச். சின்னப்பர் நினைவுக்கு வருவார். கப்பல் உடைந்து 276 பேர் மால்த்தா தீவில் கரையேறினார்கள். மழையிலும் குளிரிலும் நடுங்கிய அந்நியர்களுக்குத் தீவின் மக்கள் தீ மூட்டி அன்பு செய்தார்கள். சின்னப்பரும் சுள்ளி பொறுக்கிப் போட்டார். சூட்டுக்கு வெளிப்பட்ட விரியன் அவர் கையைப் பற்றியது. உடனே அவரைக் கொலைகாரன் என்றார்கள்; அவர் சாகாததைக் கண்டு தேவன் என்றார்கள். இரண்டும் தப்பு. ஆனால் அவர்கள் மூட்டிய தீ தப்பல்ல. அந்த உபசாரத்தையே அப்போஸ்தலர் நடபடியாகமம் மெச்சி எழுதி வைத்திருக்கிறது.

என் மருமகனைப் பாம்பு தீண்டியது யார் பாவத்துக்கும் தண்டனையல்ல. என் அசட்டையே அதற்கு வழிவிட்டது. அன்னதானத்துக்கு வாங்கிய அரிசி மூட்டைகள் திண்ணையோரம் கிடந்தன. அரிசி உள்ள இடத்தில் எலி. எலி உள்ள இடத்தில் பாம்பு. தேவாலய உச்சியிலிருந்து குதி, சம்மனசுகள் தாங்குவார்கள் என்று பசாசு சொன்னபோது, நம் ஆண்டவர் பிதாவைச் சோதிக்க மறுத்தார். நானோ கொசுவலையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு சம்மனசைக் காவலுக்கு அழைத்தேன்.

ஆகையால், குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே, இதைக் கேளுங்கள். நம் ஊரில் பிறந்தவனுக்குக் குழித்தறியில் காலை இறக்குமுன் விளக்கைக் காட்டத் தெரியும். விருந்துக்கு வந்த பிள்ளைக்குத் தெரியாது, சொல்லிக் கொடுங்கள். தரையில் படுப்போருக்குக் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாயின் கீழ் செருகுங்கள். இருட்டில் கொல்லைப்புறம் போகிறவர் கையில் விளக்குக் கொடுங்கள். கட்டுவிரியன் தூங்குகிறவனைத் தீண்டும். வலியும் தெரியாது, பல் தடமும் தெரியாமல் போகலாம். அப்படி நேர்ந்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், மந்திரிக்கிறவனைத் தேடாதீர்கள். தீண்டிய அங்கத்தை அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள். செபத்தை வண்டியில் சொல்லலாம்.

2000 முதல் 2019 வரை நம் தேசத்தில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக் கடியால் மாண்டதாக ஆய்வாளர் கணித்தனர். அவர்களில் எத்தனை பேர் வீண் தாமதத்தால் போனார்களோ!

இன்னொன்று. பிள்ளையைக் காத்த மருந்து பாம்பின் விஷத்தைக் கொண்டே செய்யப்படுவது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார், உயிரைப் பணயம் வைத்து அந்த விஷத்தை எடுத்துத் தருகிறார்கள். அவர்களில் இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வரப்பில் எலி பிடிக்கும் இருளரைக் கண்டால் முகம் சுளிக்கும் நாம், நம் விருந்தினரின் உயிர் அவர்கள் கையில் இருப்பதை மறக்கலாமா?

இந்த வாரம் உங்கள் வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரிலும் ஆண்டவரே வருகிறார் என்று விசுவசியுங்கள். அவருக்கு நல்ல சோறு போடுங்கள். அவருடைய பாயையும் ஒருமுறை உதறிப் பாருங்கள்.

சர்வேசுரன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு