கரையேறியவரும் கரையேறாதவரும்

பங்காளியின் நிலத்தை அமுக்கிக்கொள்ளப் பொய்ச்சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று ஊரின் பெரிய கை ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். மறுத்தால் வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கும், தெருவில் பேச்சு வார்த்தை நின்றுபோகும். குறிஞ்சிப்பாடியில் என்றில்லை, எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான். “முடியாதுங்க. சாமி பாத்துக்கும்” என்று சொல்லிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சொல்லை நம்பி ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம்?

கடலூர்ச் சீமைக்கு இது பழைய கேள்வி. பண்ருட்டிக்கு அருகே திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார், பாடலிபுத்திரம் எனப்பட்ட இன்றைய திருப்பாதிரிப்புலியூரில் சமணப் பள்ளியில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலைக்கு உயர்ந்தவர். சூலைநோய் வாட்டியபோது திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் திரும்பிச் சைவரானார். அவரே திருநாவுக்கரசர். சமணத்தை விட்டதற்காக அவரை அழைத்துவரச் சமணம் சார்ந்த பல்லவ அரசன் ஆளனுப்பினான். அவன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. அந்த ஆணைக்குத் தாம் கட்டுப்பட்டவர் இல்லை என்று நாவுக்கரசர் நேராகவே சொல்லிவிட்டார். வந்த அமைச்சர்கள் கெஞ்சியபோது ஓடி ஒளியவும் இல்லை. வருவது வரட்டும், இறைவன் இருக்கிறான் என்று அவர்களோடு புறப்பட்டார்.

பிறகு தண்டனைகள்: நீற்றறையில் ஏழு நாள், நஞ்சு கலந்த சோறு, மதயானை, கடைசியில் கல்லோடு கட்டிக் கடல். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இதை விரித்துச் சொல்கிறார். கல்லில் பூட்டி நீரில் தள்ளியதை நாவுக்கரசரே தமது திருநீலக்குடிப் பதிகத்தில் குறிப்பிடுகிறார். கல் மிதந்து அவர் கரைசேர்ந்த இடமென்று கடலூரை ஒட்டிய கரையேறவிட்டகுப்பத்தைக் காட்டுவார்கள்.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கல் மிதந்ததுதான் மனத்தில் நிற்கிறது. ஆனால் அரசனுக்கு மறுப்புச் சொன்ன நேரத்தில் கல்லும் இல்லை, கடலும் இல்லை. முடிவு தெரியாமலேயே சொன்ன மறுப்பு அது.

எல்லாருக்கும் கல் மிதப்பதில்லை என்பதும் அதே வீட்டுக் கதையில்தான் இருக்கிறது. திலகவதியாருக்கு நிச்சயித்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். அதற்குள் தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். உயிரை விடத் துணிந்த அந்தப் பெண், தம்பி அழுததால் இருந்தாள். அந்த இழப்பைத் தடுக்க எந்த அற்புதமும் நடக்கவில்லை. திருவதிகைக் கோயிலைக் கூட்டினாள், மெழுகினாள், தம்பி திரும்புவதற்காக வேண்டிக்கொண்டாள். நல்லவர்களுக்குக் கெடுதல் வராது என்று எண்ணியிருந்தால் அவள் பக்தி கலிப்பகையாரோடு முடிந்திருக்கும். இழப்புக்குப் பிறகும் நின்ற நம்பிக்கை அது. தம்பிக்கு வாய்த்த துணிவில் அக்காவின் பங்கு பெரிது.

பிறகு அரசன் மனம் மாறிச் சைவனானான். பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்துக் கொண்டுவந்து, திருவதிகையில் குணபரஈச்சரம் என்ற கோயிலைக் கட்டினான் என்கிறது பெரியபுராணம். மனம் நோகவே செய்கிறது. நேற்று ஒரு சமயத்தின் பேரால் நடந்த கொடுமை, இன்று இன்னொரு சமயத்தின் பேரால் நடந்திருக்கிறது. அநியாயத்துக்குத் தப்பியவர்கள் பக்கமும் அநியாயம் வந்து உட்காரலாம். நாவுக்கரசரோ அரண்மனையில் பதவி தேடவில்லை. உழவாரத்தைத் தோளில் சாய்த்து, ஊர் ஊராகப் போய்க் கோயில் வெளிகளில் புல் செதுக்கினார்.

கையெழுத்து மறுத்தவரின் கடனை நாளைக் காலையிலேயே கேட்பார்கள். சாமியை நம்புகிறவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. பத்திரத்துக்கு நகல் எடுக்கலாம், வில்லங்கச் சான்று வாங்கலாம், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம், வழக்குக்கும் போகலாம். அதில் தோற்கவும் கூடும். அப்படித் தோற்றாலும், பங்காளி வீட்டுப் பிள்ளைகளின் நிலத்தைப் பறித்த பத்திரத்தில் அவர் பெயர் இருக்காது.